கொரங்காட்டில் எட்டு மாதம்: ஒரு மெட்டல் டிடெக்டரும் 600 ரூபாய்த் தராசும்

எனக்கு வெள்ளகோவிலில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. 26 வருடமாகத் தாமிரக் கம்பி சுற்றுகிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், தறி மோட்டார் என்று எது எரிந்து வந்தாலும் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பழைய காசு மேல் ஆசை சின்ன வயதில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கையில் வைத்த ஓர் ஓட்டைக் காலணாவில் ஆரம்பித்தது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மிஷின் வாங்கித் தேட ஆரம்பித்தது போன ஆவணியில். அன்று முதல் இந்தச் சித்திரை வரை எட்டு மாதமாக, பட்டறை லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானுடைய கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், தேடியிருக்கிறேன். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இது நான் வாங்கிய இரண்டாவது மிஷின். முதலாவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "அரை கிலோமீட்டர் தூரத்தில் தங்கம் இருந்தாலும் ஆன்டெனா தானாகத் திரும்பிக் காட்டும்" என்று ஒருவர் வீட்டுக்கே வந்து விற்றுப் போனார். 18,500 ரூபாய். கைப்பிடியில் இரண்டு ஆன்டெனா, நடுவில் ஒரு டப்பா, அதில் பச்சை விளக்கு. ஒரு வாரம் காட்டில் அலைந்தேன். காற்று அடித்த பக்கமும், என் கை சாய்ந்த பக்கமும் அது திரும்பியது. அப்புறம் பட்டறையில் வைத்து டப்பாவைத் திறந்தேன். ஒரு பேட்டரி, ஒரு எல்.ஈ.டி., ஒரு ரெசிஸ்டர். காயில் என்று ஒரு சுற்றுக்கூட இல்லை. உலோகத்தை மண்ணுக்குள் உணர வேண்டுமென்றால் காயில் வேண்டும், அதில் மின்சாரம் ஓட வேண்டும். அது இல்லாத பொருள் எத்தனை விளக்கு எரிந்தாலும் வேலை செய்யாது. யாராவது "தூரத்துத் தங்கம்" என்று சொல்லிக்கொண்டு வந்தால் காயில் எங்கே என்று கேளுங்கள். என் தெருவிலேயே இன்னொருவர் நகையை அடகு வைத்து இதே மாதிரி ஒன்றை வாங்கியிருக்கிறார். அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டாவதாக வாங்கியது உண்மையான மிஷின். விலை 34,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இதே அமைப்பில் நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது. நான் சொல்லும் நல்லது கெட்டது இந்த வகைக்கே பொருந்தும். ஒரே அலைவரிசை, 12 கிலோஹெர்ட்ஸ். தரையை ஒட்டி வீசும் தட்டு 11 அங்குலம், அதற்குள் ஆங்கில 'டி' எழுத்தை முதுகோடு முதுகாக வைத்ததுபோல் இரண்டு காயில். ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும். மொத்த எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி.

வேலை செய்யும் விதம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மோட்டார் ஸ்டேட்டரில் இரும்பை ஒரே கட்டியாக வைக்காமல் மெல்லிய தகடாக வெட்டி, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பூச்சு கொடுத்து அடுக்குகிறோம். எதற்கு? மாறும் காந்தப்புலம் பட்டால் கட்டி உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சூடேறும், அதைத் தடுக்கத்தான். நாங்கள் ஆயுள் முழுக்க ஒழிக்கப் பார்க்கிற அதே சுழல் மின்னோட்டத்தை வைத்துத்தான் டிடெக்டர் பிழைக்கிறது. காயிலின் புலம் மண்ணுக்குள் கிடக்கும் காசில் படுகிறது, காசுக்குள் மின்னோட்டம் சுழல்கிறது, அது தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. வாங்கும் காயில் அதைப் பிடிக்கிறது. எவ்வளவு தாமதமாகத் திரும்பியது என்பதை வைத்து மிஷின் ஓர் எண் போடுகிறது. என் மிஷினில் 0 முதல் 99 வரை. கீழே இரும்பு, மேலே தாமிரமும் வெள்ளியும்.

அந்த எண்ணில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். காரணம் நம் மண். கொரங்காடு தெரியாதவர்களுக்கு: காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல் மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். தலைமுறை தலைமுறையாக மாடும் ஆடும் மட்டும்தான் நடமாடியிருக்கின்றன. ஏர் அதிகம் படாத மண் என்பதால் மேலே விழுந்த காசு அவ்வளவாக உடையாமல் தேயாமல் கிடக்கும் என்பது என் கணக்கு. ஆனால் செம்மண்ணும் கப்பிக்கல்லும் கலந்த இந்தத் தரையில் இரும்புச்சத்து அதிகம். முதல் நாள் பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே ஓட விட்டேன், மிஷின் ஓயாமல் கத்தியது. எங்கு வைத்தாலும் சத்தம்.

அதைச் சரிசெய்யும் முறைக்கு கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். உலோகமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து, பட்டனை அழுத்திக்கொண்டு தட்டைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்க வேண்டும், சத்தம் அடங்கும் வரை. அந்த மண் எப்படிப் பேசும் என்று மிஷின் கற்றுக்கொண்டு அதைக் கழித்துவிடும். புத்தகத்தில் ஒரு முறை செய்தால் போதும் என்கிறார்கள். எங்கள் காட்டில் மேட்டுக்கு ஒரு முறை, ஓடைப்பக்கம் மணல் வந்ததும் ஒரு முறை, கிணற்று மேட்டில் ஒரு முறை என்று மூன்று தடவை செய்கிறேன். இதைச் செய்யாமல் "மிஷின் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இந்த வேலையை என் மிஷின் நன்றாகவே செய்கிறது. கொடுத்த காசில் பாதி இதற்கே தகும்.

சிட்டக்கல் மட்டும் அடங்கவில்லை. பழைய காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களில் கழிந்த கசடு, கறுப்பாக, நுரைத்துப் போன வெல்லக் கட்டி மாதிரி கிடக்கும். கொங்கு நாட்டில் இது இல்லாத ஊர் குறைவு. சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, சங்க காலத்திலேயே இரும்பும் எஃகும் செய்த ஊர். அங்கே தோண்டியதில் உலை, பாசிமணி, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடு எல்லாம் கிடைத்தன. அதே வழக்கம் சுற்றுவட்டாரம் முழுக்க இருந்திருக்கிறது. சிட்டக்கல் கிடக்கும் இடத்தில் எண் 3, 5 என்று காட்டும், திடீரென்று ஒரு பக்கம் வீசும்போது மட்டும் 80-க்குத் துள்ளும். அந்தத் துள்ளலை நம்பி முதல் மாதத்தில் எத்தனை குழி போட்டேன் என்று என் நோட்டில் இருக்கிறது: 47. எல்லாம் கல்.

இப்போது காதை நம்புகிறேன். காசு என்றால் எந்தப் பக்கம் இருந்து வீசினாலும் ஒரே சத்தம், ஆரம்பமும் முடிவும் வெட்டி வைத்ததுபோல் இருக்கும். நான் நின்ற இடத்தில் இருந்து கால்வட்டம் சுற்றி வந்து மறுபடி வீசினாலும் அதே சத்தம். இரும்பும் சிட்டக்கல்லும் ஒரு பக்கம் பாடிவிட்டு மறு பக்கம் உடைந்து போகும். மாட்டு லாடம் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்யும். தட்டையாக இருப்பதால் நல்ல காசு மாதிரியே ஆரம்பிக்கும், ஓரத்தில் மட்டும் கரகரக்கும். காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன ஊர், அதனால் எங்கள் காட்டில் லாடமும் லாட ஆணியும் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டும் பித்தளைக் கொப்பி ஒன்று கிடைத்தது. மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க அய்யன் வெச்சிருந்த செவலக்காளையோடதுங்க மாமா, ஒன்னு காணாமப் போச்சுன்னு ஆத்தா சொல்லும்" என்றார். அன்றைக்கு வேறெதுவும் தேடவில்லை.

இரும்பை மறைத்துவிடும் வசதி ஒன்று மிஷினில் இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருப்பதற்குச் சத்தமே வராது. புதிதாக வாங்குகிறவர்கள் குழி தோண்டும் சலிப்பில் இதை 50 வரை ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாயக்கர் காலத்துச் சின்னத் தாமிரக் காசு, நாம் சல்லி என்கிறோமே, விரல் நகத்தளவுதான், எடை இரண்டு மூன்று கிராம். அது என் மிஷினில் 45 பக்கம் பேசுகிறது. பூச்சிமருந்துப் பாட்டிலின் மூடிக்குள் இருக்கும் அலுமினியத் தகடும் அதே 45. மூடித் தகட்டை மறைத்தால் சல்லியும் மறைந்துவிடும். அலுமினியப் பைசா இன்னும் குழப்பும்: அறுகோண 3 காசு, பூ மாதிரி விளிம்பு வைத்த 10 காசு, 1982-க்கு அப்புறம் வந்த அறுகோண 20 காசு எல்லாம் 60-க்கும் 70-க்கும் இடையில் தெளிவாகப் பாடும். தோண்டாமல் தெரியாது. மாறாக இப்போது நம் பையில் இருக்கும் எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் வகை. அதற்கு எண் நிலையாகவே நிற்காது.

மின்சாரத் தொல்லையும் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பார்மர், உயர் அழுத்தக் கம்பி, மின்வேலி மூன்றுக்கும் பக்கத்தில் மிஷின் புலம்பும். மோட்டார் ரூமில் இருந்து முப்பது அடி தள்ளி நின்றால்தான் அடங்குகிறது. த்ரீ ஃபேஸ் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிணற்று மேட்டில் தேடுகிறேன், அது நல்ல பலன் தருகிறது.

ஆழம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு காசு அளவுப் பொருளுக்கு ஒரு சாண். அவ்வளவுதான். ஐந்தடி ஆறடி என்று யாராவது சொன்னால் அவர் அண்டாவைப் பற்றிச் சொல்கிறார். காசுக்கு ஒரு சாண் போதும், அதற்கு மேல் தோண்டவும் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை இறங்கி மண் ஈரமானதும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, களைக்கொத்தும் சுலபமாக இறங்குகிறது. மாசிக்கு மேல் அதே தரை கல்.

எங்கே தேடுவது என்பது மிஷினுக்குத் தெரியாது. முத்தூர் பக்கம் இருக்கும் இந்தக் கொரங்காட்டை ஒட்டி ஒரு பழைய இட்டேரி, இரண்டு வேலிக்கு நடுவில் போகும் மண் பாதை, போகிறது. கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்கு மாடு ஓட்டிப் போனவர்கள் அந்த வழியாகத்தான் போயிருக்கிறார்கள், மச்சானின் பெரியப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இட்டேரி திரும்பும் மூலையில் இரண்டு வெள்வேல் மரம், கொஞ்சம் தள்ளிக் கிணறு. மாட்டை அவிழ்த்து விட்டு உட்கார, மடியைத் தளர்த்தி வெற்றிலை போட, வேட்டியை உதறிக் கட்ட, வேறு இடம் எதற்கு? என் நோட்டில் இருக்கும் 61 காசில் 38 அந்த மூலையில் கிடைத்தவை. காட்டின் நட்டநடுவில் மூன்றே மூன்று. டிடெக்டரை வாங்கும் முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் அரை நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த மூலையில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை 1957-க்கு அப்புறம் வந்த நயா பைசாவும் அலுமினியமும். ஓட்டைக் காலணா ஏழு. 1943 முதல் 47 வரை போர்க்காலத் தாமிரத் தட்டுப்பாட்டில் நடுவில் துளை போட்டு அடித்தது. கையில் வாங்கியதுமே அப்புச்சி ஞாபகம். 1947 தேதி போட்ட ஒரு ரூபாய் ஒன்று, பின்பக்கம் புலி. வெள்ளி என்று நினைத்துக் காந்தம் வைத்தேன், ஒட்டியது. அது நிக்கல். 1835 கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கால் அணா ஒன்று, இரண்டு பக்கமும் சிங்கம் நின்று சின்னத்தைத் தாங்கும். அப்புறம் 1808 என்று ஆண்டு போட்ட 20 காசு. ரோமன் எழுத்தில் இரண்டு எக்ஸ், மேலே பாரசீகம். இதை அடித்தது சென்னையில் இல்லை, இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்து சோஹோ ஆலையில், நீராவி எந்திரத்தில். அடித்ததைக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள் மணல்திட்டில் மூழ்கியது, டன் கணக்கில் இதே காசு அதில் இருந்தது. வேறு ஒரு கப்பலில் ஏறி வந்து, யாரோ ஒரு மாட்டுக்காரர் மடியில் இருந்து முத்தூர் இட்டேரியில் விழுந்திருக்கிறது இந்தக் காசு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகை கடைசி ஞாயிறு. இரண்டு மரத்துக்கும் நடுவில், வேரை ஒட்டி, 82. கால்வட்டம் சுற்றி வந்தேன், 82. மறுபடி சுற்றினேன், 81. ஓரம் வெட்டி வைத்த சத்தம். களைக்கொத்தால் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கம் வேர் விட்டபடியே புல்லோடு மண்ணைப் புரட்டி வைத்தேன். புல் காயாமல் திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டுமே. முக்கால் சாண் ஆழத்தில், கைடார்ச் மாதிரி இருக்கும் சின்னத் தேடுகம்பி கிர்ரென்றது. விரலால் மண்ணைத் தள்ளினால் கொய்யா இலை நிறத்தில் ஒரு வட்டம். தடிமனாக, ஓரம் கோணலாக.

இங்கேதான் நான் பழைய தவறைத் திரும்பச் செய்யவில்லை. முன்பு கிடைத்த ஒரு தாமிரக் காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். பூஜைச் சாமான் மாதிரி பளபளத்தது, எழுத்து போய்விட்டது. அந்தப் பச்சை, காசின் தோல். உரித்தால் உள்ளே இருக்கும் எழுத்தும் அதோடு வந்துவிடும். அதனால் இதை மண்ணோடு ஈரப் பஞ்சில் சுற்றி எடுத்து வந்து, பட்டறையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டேன். தினமும் தண்ணீர் மாற்றினேன். 11 நாள். மண் தானாகவே இளகி, மூங்கில் பல்குத்தியால் தொட்டதும் கழன்றது. முதலில் தெரிந்தது ஒரு கால். தூண் மாதிரி. அப்புறம் இன்னொரு கால். தும்பிக்கை. யானை!

பக்கத்தில் வைத்திருந்த தராசு 600 ரூபாய்க்கு வாங்கியது, உள்ளங்கை அளவு, 0.1 கிராம் வரை காட்டும். 34,000 ரூபாய் மிஷினைவிட இதைத்தான் நான் அதிகம் பாராட்டுவேன். காசின் முகம் தேய்ந்து போகலாம், எடை அவ்வளவாகப் போகாது. கும்பினி கால் அணா ஆறரை கிராம். 1906-க்கு அப்புறம் வெண்கலத்தில் வந்த கால் அணா ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. வெள்ளி ரூபாய் 11.66, அதாவது சரியாக ஒரு தோலா. ரோம வெள்ளிக் காசு நாலு கிராமுக்குச் சற்று உள்ளே. எழுத்தே தெரியாத காசுக்கும் எடை போட்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடுகிறது. அன்றைக்கு யானை 11.1 காட்டியது. வெர்னியரில் விட்டம் 23 மில்லிமீட்டர். மைசூர்க் காசு என்று உறுதியாயிற்று. 1799 வரை இந்தச் சீமை மைசூர் ஆட்சியில்தானே இருந்தது, ஹைதர், அப்புறம் திப்பு.

பின்பக்கம் பாரசீகம். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காங்கேயத்தில் ஒரு பள்ளிவாசல் ஹஜரத்திடம் கொண்டுபோனேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸை நானே எடுத்துப் போயிருந்தேன். அவர் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஜர்ப்... ஜர்ப்னா அடிச்சதுன்னு அர்த்தமுங்க. பட்டன். ஜர்ப் பட்டன்."

பட்டன் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம்.

"இந்தப் பக்கம் இன்னொரு சொல்லு இருக்குது. ஜோஹ்ரா. வெள்ளிக் கோள்ங்க, விடிவெள்ளி."

எனக்குப் புல்லரித்தது. திப்பு தன் தாமிரக் காசுகளுக்கு வானத்துப் பெயர்களை வைத்திருந்தார் என்று படித்திருந்தேன். பைசாவுக்கு ஜோஹ்ரா, அதில் பாதிக்கு பஹ்ராம், அதாவது செவ்வாய், கால் பங்குக்கு அக்தர், நட்சத்திரம், எல்லாவற்றிலும் சின்னதற்கு குத்பு, துருவ நட்சத்திரம். புத்தகத்தில் படித்தது வேறு, விரலுக்கு நடுவில் இருக்கும் காசில் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்கக் கேட்பது வேறு.

ஆண்டில்தான் இருவரும் தடுமாறினோம். எண்கள் தெளிவாக இருந்தன. அவர் 4221 என்று படித்தார். "ஹிஜ்ரி இன்னும் 1500-ஐக்கூடத் தாண்டலீங்களே" என்று யோசித்தார். அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது. திப்பு ஒரு கட்டத்தில் ஹிஜ்ரியை விட்டு, நபிகள் பிறப்பில் இருந்து எண்ணும் மவ்லூதி ஆண்டுக்கு மாறினார், எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். திருப்பிப் படித்தால் 1224. ஹஜரத் சிரித்துவிட்டு யானைக்கு மேலே லென்ஸை நகர்த்தினார். அங்கே ஒரு நேர்கோடு, கீறல் என்று நான் விட்டிருந்தது. "இது அலிஃப்." கடைசி நான்கு ஆண்டுக் காசுகளில் வரிசையாக ஓர் எழுத்துப் போடுவது வழக்கம், 1224-க்கு முதல் எழுத்து அலிஃப். எண்ணும் எழுத்தும் ஒத்துப் போயின. நம் கணக்கில் 1796-97. தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கில் ஏறியது 1805. அதற்கு எட்டு ஒன்பது வருடம் முன்னால் அடித்த காசு.

சத்தியமங்கலத்துக்கு சலாமாபாத் என்று பெயர் வைத்து அங்கேயும் காசு அடித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் யானைக் காசு கிடைத்தால் பட்டனா சலாமாபாதா என்று பாருங்கள்.

அடையாளம் காண இன்னொரு வழி, நல்ல காசுகளை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்குவது. கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கு இரண்டு தடவை போனேன். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மாக்கோதை, கொல்லிப்பொறை என்று சேரர் பெயரைத் தமிழி எழுத்தில் போட்டவை. வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் ரோமக் காசு புதையலாகவே வந்திருக்கிறது. ராஜராஜன் தாமிரக் காசு தமிழ்நாடு முழுக்கக் கிடைப்பது. ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறு பக்கம் உட்கார்ந்த ஆள், அவர் கைக்குக் கீழே நாகரி எழுத்து. ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் பாதி தேய்ந்து கிடைத்தாலும் அந்த நிற்கும் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

மிஷினின் குறைகளுக்கு வருகிறேன். நடுத்தண்டைப் பூட்டும் பிளாஸ்டிக் கிளாம்ப் நான்காவது மாதமே விரிசல் விட்டது. விற்றவரிடம் அனுப்பினேன், ஏழு வாரம் பதில் இல்லை, கடைசியில் "உதிரிபாகம் தனியாக வராது" என்றார்கள். வாரன்டி அட்டையில் அப்படி எந்த வரியும் இல்லை. பிறகு பக்கத்து லேத் பட்டறைத் தம்பியிடம் நைலானில் கடைந்து போட்டுக்கொண்டேன், 350 ரூபாய், அது அசையாமல் நிற்கிறது. உச்சி வெயிலில் திரை தெரியாது. மூன்று மணி நேரம் வீசினால் தோள்பட்டை வலிக்கும், கை மாற்றிப் பழகுங்கள். ஹெட்போன் கட்டாயம், ஸ்பீக்கரில் மெல்லிய சத்தம் காற்றில் போய்விடும். பேட்டரி பற்றி ஒரு குறையும் இல்லை.

இனிச் சொல்வதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். புதையல் சட்டம் 1878-இல் வந்தது, இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கில் சேரும். பாதுகாக்கப்பட்ட இடங்களில், கொடுமணல் மாதிரி அகழாய்வு நடந்த ஊர்களில், பழைய ஈமக்காடுகளில், கோயில் நிலத்தில் மிஷினை வண்டியை விட்டு இறக்கவே கூடாது. அங்கே ஒரு காசு எந்த மண் அடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் அந்த வீட்டின் காலமே தெரிய வரும். பிடுங்கி எடுத்துவிட்டால் காசு மட்டும் மிஞ்சும், காலம் போய்விடும். சொந்தக் காட்டிலும் நான் ஒரு சாணுக்கு மேல் இறங்குவதில்லை, ஓடோ பானை வாயோ தென்பட்டால் மண்ணை மூடிவிட்டு வந்துவிடுவேன். மச்சான் என்றாலும் தேட அனுமதி என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

யானையும், 1808-உம், 1835-உம் மூன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் போட்டோ, எடை, விட்டம், கிடைத்த தேதி, மரத்தில் இருந்து எத்தனை அடி என்று எழுதி, திங்கட்கிழமை மனு நாளில் திருப்பூர் கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன். மச்சானும் கூட வந்தார். "குடுத்துட்டா திரும்பி வருமுங்களா மாமா?" என்று பஸ்சில் இரண்டு தடவை கேட்டார். வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டியது என்றேன். எனக்கும் நெஞ்சு கனமாகத்தான் இருந்தது. போட்டோ இருக்கிறது, காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியும் நோட்டில் ஒட்டியிருக்கிறது.

மனுவைப் பதிந்துகொண்டு இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அம்மா உறையைப் பிரித்து, கைக்குட்டையில் காசை எடுத்து, தங்கள் தராசில் வைத்தார். என் தாளை ஒரு முறை பார்த்தார், தராசை ஒரு முறை பார்த்தார், பதிவேட்டில் எழுதினார். 11.1.